கை கட்டாத வாய்ப்பாடு

எங்கள் பள்ளிக்கூடத்தில் கணக்கு என்பது கைகளைக் கட்டிக்கொண்டு செய்யவேண்டிய காரியம். வாசிப்புக்குப் புத்தகம் பிடிக்கக் கை வேண்டும். எழுத்துக்குச் சிலேட்டுப் பென்சில் பிடிக்க வேண்டும். மறைக்கல்விக்குக் கும்பிட வேண்டும். மனக்கணக்குக்கு மட்டும் கை ஆகாது. தலைமையாசிரியரான பெரிய மாஸ்டர் பிரம்பின் நுனியால் மேசையில் இரண்டு தட்டுத் தட்டி, "கை கட்டு" என்பார். முப்பது பிள்ளைகளின் அறுபது கைகளும் அந்தக் கணமே கக்கத்துக்குள் மறைந்துவிடும். விரல்விட்டு எண்ணுகிறவன் மூளையில்லாதவன் என்பது அவருடைய கொள்கை. மூளையில்லாதவன் கடைசியில் எங்கே போய்ச் சேருவான் என்பதையும் அவரே சொல்லிவிடுவார்.

"ஹாபருக்குத்தான் போவான். மூட்டை தூக்க."

கொட்டாஞ்சேனையில் அந்த வகுப்பிலிருந்த பாதிப் பிள்ளைகளின் தகப்பன்மார் ஹாபரில்தான் வேலை செய்தார்கள். துறைமுகத்தை நாங்கள் அப்படித்தான் சொல்லுவோம். என் அப்பாவும் அங்கேதான். ஆனால் அப்பா விரல்விட்டு எண்ணியதை நான் ஒருநாளும் கண்டதில்லை. அவர் தூக்கிய மூட்டைகளை எண்ணுவதற்குக் கம்பனி வேறு ஆள் வைத்திருந்தது. ஆகவே பெரிய மாஸ்டரின் கொள்கையில் எங்கேயோ ஓர் ஓட்டை இருக்கிறது என்று எனக்கு அப்போதே பட்டது. அதைச் சொல்லும் துணிவு மட்டும் இருக்கவில்லை.

இரண்டாம் உலக யுத்தம் தொடங்குவதற்குச் சில வருடங்களுக்கு முந்திய கதை இது. நான் நாலாம் வகுப்பில் இரண்டாம் வருடமும் இருந்தேன். என்னைப் பிடித்து நிறுத்தியது பன்னிரண்டாம் வாய்ப்பாடு. ஐந்து பன்னிரண்டு அறுபது வரைக்கும் பாட்டுப்போல வரும். அதற்கு அப்பால் எனக்கு முன்னால் ஒரு சுவர். எங்கள் குடும்பத்தில் எனக்கு முன்னர் ஒருவரும் பள்ளிக்கூடத்து வாசலை மிதித்ததில்லை. அதனால் ஒரு பிள்ளை வகுப்பேறாமல் நின்றால் எவ்வளவு கவலைப்பட வேண்டும் என்ற அளவும் வீட்டில் ஒருவருக்கும் தெரியவில்லை. அப்பா கோபிக்கவே இல்லை. பீடியை அணைத்துவிட்டுச் சாதாரணமாகச் சொன்னார்.

"இந்த வருஷமும் ஏறாட்டி விடு. தை மாசம் கப்பல் சுரண்ட வா. உன்னளவு பொடியன்மார் நிறையப் பேர் நிக்கிறாங்கள்."

கப்பல் சுரண்டுவது என்றால், கப்பலின் இரும்புத் தோலில் பிடித்த துருவைக் கயிற்றில் தொங்கியபடி சுத்தியலால் தட்டி உதிர்ப்பது. பக்கத்து வீட்டு அண்ணன் அந்த வேலைக்குப் போனவர். அவருக்கு ஒரு காது மந்தம். எனக்குப் பள்ளிக்கூடம் பிடித்திருந்தது. பெரிய மாஸ்டரின் பிரம்பையும் சேர்த்தே பிடித்திருந்தது என்றுதான் சொல்லவேண்டும், ஏனென்றால் அந்தப் பிரம்பு இருந்த இடத்தில்தான் புத்தகங்களும் இருந்தன.

அந்த வருடத்தின் நடுவில் எங்களுக்கு ஒரு புதிய டீச்சர் வந்தார். வெள்ளவத்தையிலிருந்து ரயிலும் டிராமும் மாறி, மிச்சத் தூரத்தைக் குடையோடு நடந்து வருவார். ஆறு மாதத்துக்குப் பார்ப்பதென்றும், அதன் பின்னர் பெரிய மாஸ்டர் திருப்தி என்று சொன்னால்தான் பள்ளிக்கூடத்துக்குப் பொறுப்பான சுவாமியார் வேலையை உறுதியாக்குவார் என்றும் ஏற்பாடு. இருபத்திரண்டு, இருபத்திமூன்று வயதுதான் இருக்கும். எங்களுக்கு அவர் நல்ல வயதானவராகத் தெரிந்தார்.

சனிக்கிழமைகளில் டீச்சர் தானும் படிக்கப் போகிறார் என்ற செய்தி வகுப்பில் பெரிய பரபரப்பை உண்டாக்கியது. கொழும்பிலும் அக்கம்பக்கத்திலும் உள்ள தமிழ்ப் பள்ளிக்கூட ஆசிரியர்களைச் சேர்த்து, கணக்குப் படிப்பிக்கும் புதிய முறைகளை ஓர் இன்ஸ்பெக்டர் ஐயா சொல்லிக்கொடுத்தார். வாங்குப் பலகையில் எனக்குப் பக்கத்தில் இருந்தவன் நிஸாம். அவனுடைய வாப்பாவுக்குச் சந்தியில் சாமான் கடை. அவனுக்கு ஒரே ஒரு விஷயந்தான் தெரியவேண்டியிருந்தது.

"அங்க அவங்களுக்கும் அடிப்பாங்களா மச்சான்?"

சனிக்கிழமை கற்றதைத் திங்கட்கிழமை எங்களிடம் கொண்டுவருவார் டீச்சர். ஒரு கிழமை மஞ்சாடி விதை. ஒரு கிழமை நெருப்புக்குச்சி, பத்துப் பத்தாக நூலால் கட்டியது. ஒரு கிழமை கயிற்றை எடுத்துக்கொண்டு விறாந்தையின் நீளத்தை அளக்கவிட்டார். நாங்கள் அளந்த சத்தத்தில் பெரிய மாஸ்டர் வந்துவிட்டார். மஞ்சாடி விதைகள் கண்ணிற் பட்டன.

"இது பள்ளிக்கூடமோ, கச்சான் கடலைக் கடையோ?" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, ஆனால் எங்களுக்குக் கேட்கும்படியாக, "நீர் சனிக்கிழமையில கேட்டுக்கொண்டு வாறதைச் சனிக்கிழமையோட விட்டிட்டு வாரும். இஞ்ச பிள்ளையள் வாயால படிக்க வேணும்" என்றார்.

விதைகளை அன்றே கூட்டி அள்ளிவிட்டார்கள். குச்சிகள் பெரிய மாஸ்டர் வீட்டு அடுப்புக்குப் போனதாக நிஸாம் சொன்னான். டீச்சரிடம் எண்ணுவதற்கு ஒன்றும் மிஞ்சவில்லை. அடுத்த திங்கட்கிழமை நாங்கள் மறுபடியும் கைகட்டி வாய்ப்பாடு சொன்னோம்.

அன்றுதான் நான் பிடிபட்டேன். என் முறை வந்து, "ஏழு பன்னிரண்டு?" என்று டீச்சர் கேட்டார். என் இடது கக்கத்துக்குள் பெருவிரல் ஓடிக்கொண்டிருந்தது. சட்டை அசைந்திருக்க வேண்டும்.

"உள்ளுக்குள்ள என்ன நடக்குது?"

"செபம் சொல்லுறன் டீச்சர்."

"எந்தச் செபம்?"

"செபமாலை. விரலால."

"அப்ப கையை எடுத்துக் காட்டு. எந்த மந்திரத்தில நிக்கிறாய் எண்டு பாப்பம்."

என் பெருவிரல் சுண்டுவிரலின் நடுக் கணுவில் நின்றது. செபமாலையில் பத்துக்குமேல் ஓடுவதில்லை என்பது அந்த வகுப்பில் எல்லாருக்கும் தெரியும். நிஸாமுக்குக்கூடத் தெரியும். நான் கையை நீட்டியபடி பிரம்புக்குக் காத்திருந்தேன். டீச்சர் என் கையைப் பிடித்துக் கணுக்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார்.

"ஆர் உனக்கு இதைக் காட்டித் தந்தது?"

"அம்மா."

"ஒங்கட உம்மா படிச்சவவா?" என்று நிஸாம் மெதுவாகக் கேட்டான். இல்லை என்று தலையாட்டினேன். எனக்கு வெட்கமாக இருந்தது.

அன்று பள்ளிக்கூடம் விட்ட பிறகு டீச்சர் குடையோடு என் பின்னாலேயே எங்கள் ஒழுங்கைக்குள் வந்தார். ஒரு டீச்சர் எங்கள் ஒழுங்கைக்குள் நடந்ததை அதற்கு முன்னர் ஒருவரும் கண்டதில்லை. தண்ணீர்க் குழாயடியில் நின்ற பெண்கள் வாளியை நிமிர்த்த மறந்துபோனார்கள். அம்மா வாசலில் சாக்குக் குவியலுக்கு நடுவில் இருந்தார். அரிசி ஸ்டோர் ஒன்றுக்குக் கிழிந்த சாக்குகளைத் தைத்துக் கொடுப்பதுதான் அவருடைய வேலை. டீச்சரைக் கண்டதும் கோணி ஊசியைப் பல்லில் கடித்துக்கொண்டு எழும்பினார். பிறகு ஊசியை எடுத்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"என்னடா செய்தனி?"

"அவன் ஒண்டும் செய்யேல்ல. நீங்கள் சாக்கு எண்ணுறதை எனக்கு ஒருக்காக் காட்டுங்கோ," என்றார் டீச்சர்.

"நான் படிக்காதவ டீச்சர்."

"அதாலதான் கேக்கிறன்."

இது என்ன மரியாதை என்று எனக்கு விளங்கவில்லை. அம்மாவுக்கும் விளங்கவில்லை. ஆனாலும் காட்டினார். வலது கையில் நாலு விரல். பெருவிரலைச் சேர்க்கக்கூடாது, அது எண்ணுகிற ஆள். ஒரு விரலுக்கு மூன்று கணு. சுட்டுவிரலில் தொடங்கிப் பெருவிரல் கணுக்கணுவாகத் தொட்டுப் போய்ச் சுண்டுவிரல் முடிந்தால் பன்னிரண்டு சாக்கு, ஒரு கட்டு. உடனே இடது கையில் ஒரு கணு நகரும். மாலையில் வண்டிக்காரன் வந்து "கீயத அக்கே?" என்று சிங்களத்தில் எத்தனை என்று கேட்டால், அம்மா வாயைத் திறக்கமாட்டார். இடது கையைக் காட்டுவார். அவனும் கணுவைப் பார்த்துவிட்டுக் கட்டுகளை ஏற்றத் தொடங்குவான். இருவருக்கும் இடையில் ஒருநாளும் பிசகு வந்ததில்லை.

டீச்சர் சாக்குக் கட்டு ஒன்றின்மேல் இருந்து எண்ணிப் பார்த்தார். மூன்றாம் விரலில் பிழைத்தார். மறுபடி எண்ணினார். மறுபடியும் பிழைத்தார்.

"இல்ல டீச்சர், விரலை ஓடவிடக் கூடாது. நடக்க விடுங்க," என்றார் அம்மா. அப்படியே டீச்சரின் பெருவிரலைப் பிடித்துச் சரியான கணுவில் வைத்தார். பிறகு தன் கை செய்த காரியத்தைக் கண்டு பதறி, சேலையில் கையைத் துடைத்தார். டீச்சர் சிரித்துவிட்டார். படித்தவர் ஒருவரை என் அம்மா திருத்தியதை அன்றுதான் கண்டேன்.

"ஏழு கட்டு எண்டா எத்தனை சாக்கு?" என்று டீச்சர் கேட்டார்.

அம்மா யோசித்தார். "ஏழு கட்டுத்தான் டீச்சர். வேற என்ன?"

டீச்சர் என்னைத் திரும்பிப் பார்த்தார். என் சுவர் எங்கே நிற்கிறது என்பதை அவர் அந்த இடத்தில் கண்டுகொண்டிருக்க வேண்டும். அம்மாவுக்கு ஏழு கட்டு போதும். வண்டிக்காரனுக்கும் போதும். வாய்ப்பாட்டுக்கு மட்டும் எண்பத்திநாலு வேண்டும். நான் கக்கத்துக்குள் ஒளித்துவைத்து எண்பத்திநாலு கணுக்களையும் ஒவ்வொன்றாக எண்ணி முடிப்பதற்குள் பிரம்பு விழுந்துவிடும்.

மறுநாள் டீச்சர் கதவைச் சாத்திவிட்டு எங்கள் கைகளைக் கேட்டார். சுண்டுவிரலின் கடைசி இரண்டு கணுக்களிலும் சோக்கினால் வெள்ளை பூசினார். வெள்ளை இல்லாத கணுக்களை எண்ணச் சொன்னார். பத்து. வெள்ளை இரண்டு. ஒவ்வொரு கையிலும் ஒரு பத்தும் ஓர் இரண்டும். ஏழு பேரை எழும்பிக் கையை உயர்த்தச் சொன்னார். ஏழு பத்து எழுபது. ஏழு இரண்டு பதினாலு. எண்பத்திநாலு. நான் அந்த ஏழு பேரில் ஒருவன். சுவர் நின்ற இடத்தில் ஒரு கதவு இருந்ததையும், அது இத்தனை நாளும் என் கையிலேயே இருந்ததையும் கண்டபோது எனக்குச் சந்தோஷத்தைவிட ஆத்திரந்தான் வந்தது. இதைக் கட்டி வைக்கச் சொல்லியா இரண்டு வருடம் அடித்தார்கள்?

அந்த ஆத்திரம் இன்றைக்கும் போகவில்லை. நான் இப்போது ஆசிரியப் பயிற்சிக்குப் போய்க்கொண்டிருக்கிறேன். பொறுமை வேண்டும், பழைய ஆட்களோடு அனுசரித்துப் போக வேண்டும் என்று அங்கே சொல்லுகிறார்கள். அனுசரித்துப் போகிறேன். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் முடியாது.

சனிக்கிழமை வகுப்பில் ஒரு வழக்கம் இருந்தது. ஆசிரியர்கள் முறைவைத்து, ஒருவர் உண்மையான பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துவார். மற்றவர்கள் பின்னால் கொப்பியோடு இருந்து பிழை எழுதுவார்கள். பாடம் முடிந்ததும் பிள்ளைகளை வெளியே அனுப்பிவிட்டு, எழுதியதை ஒவ்வொருவராக எழும்பி வாசிப்பார்கள். மாதிரிப் பாடம் என்று அதற்குப் பெயர். எங்கள் டீச்சரின் முறை வந்தபோது, அதை எங்கள் பள்ளிக்கூடத்திலேயே வைக்கலாம் என்று இன்ஸ்பெக்டர் எழுதினார். பெரிய மாஸ்டருக்கு இது பெரிய கௌரவம். சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தார்கள். பன்னிரண்டாம் வாய்ப்பாடு சொல்லிக்காட்ட வேண்டும் என்றும், பிள்ளைகள் கைகட்டி ஒழுங்காக இருக்க வேண்டும் என்றும் அவர் எங்கள் எல்லாருக்கும் முன்னால் டீச்சரிடம் சொன்னார்.

"பன்னிரண்டாம் வாய்ப்பாடுதான் சேர். ஆனா கைகட்டாமப் படிப்பிக்கப் போறன்."

"உமக்கு ஆறு மாசம் முடிய இன்னும் மூண்டு கிழமை இருக்கு," என்றார் பெரிய மாஸ்டர்.

"ஓம் சேர். நானும் எண்ணிக்கொண்டுதான் இருக்கிறன்."

வேலை போய்விடும் என்று சொல்லப்பட்டதும், போனால் போகட்டும் என்று பதில் சொல்லப்பட்டதும் ஒன்பது வயதுப் பிள்ளைகளுக்கும் விளங்கியது.

அந்தச் சனிக்கிழமை காலையில் சுமார் இருபது ஆசிரியர்கள் வந்தார்கள். ஹெந்தளையிலிருந்து, கிருலப்பனையிலிருந்து, கொச்சிக்கடையிலிருந்து என்று பல இடங்கள். எங்கள் வாங்குகளின் கடைசி வரிசைகளில் அவர்களை இருத்தினார்கள். வாங்கு உயரம் குறைந்தது என்பதால் எல்லாருக்கும் முழங்கால் நாடிக்கு வந்தது. இன்ஸ்பெக்டர் ஐயா கோட்டும் கண்ணாடியுமாகச் சுவரோரம் ஒரு கதிரையில். பெரிய மாஸ்டர் மேசைக்குப் பக்கத்தில் நின்றார், பிரம்பு மேசையில் கிடந்தது.

டீச்சர் எங்கள் ஏழு பேரையும் முன்னுக்குக் கூப்பிட்டார். நாங்கள் வரிசையாக நின்று வகுப்பைப் பார்த்துக் கைகளை உயர்த்தினோம். "இது எத்தனை கை?" என்று டீச்சர் தொடங்கினார். அவ்வளவுதான். பெரிய மாஸ்டர் பிரம்பை எடுத்து மேசையில் இரண்டு தட்டுத் தட்டினார்.

"கை கட்டு."

பழக்கம் என்பது எவ்வளவு பொல்லாதது என்று அன்று கண்டேன். வாங்குகளில் இருந்த இருபத்திமூன்று பிள்ளைகளும் கைகட்டினார்கள். என் பக்கத்தில் நின்ற ஆறு பேரின் கைகளும் கீழே இறங்கிக் கக்கத்துக்குள் போயின. நிஸாமின் கையும் போயிற்று. அதோடு நிற்கவில்லை. பின்வரிசையில் கொப்பியும் பென்சிலுமாக இருந்த ஆசிரியர்களில் ஐந்தாறு பேர், மீசை வைத்த மனிதர்கள், பென்சிலைப் போட்டுவிட்டுக் கைகட்டினார்கள். ஒருவர் முதுகையும் நிமிர்த்தினார். தாங்கள் செய்ததை உணர்ந்து அவசரமாகக் கைகளை எடுத்தபோது பென்சில்கள் உருண்டு விழுந்தன.

என் கை மட்டும் மேலே நின்றது. அது வீரம் என்று இத்தனை காலத்துக்குப் பிறகு சொல்லிக்கொள்ள ஆசைதான். உண்மையில் நான் அந்தக் கணத்தில் கணக்கில் இருந்தேன். எழுபதும் பதினாலும் என் தலைக்குள் ஓடிக்கொண்டிருந்தன.

"உனக்குக் காது கேக்காதோ? கையைக் கட்டு."

"கட்டினா ஒரு பன்னிரண்டு குறையும் சேர்," என்றேன்.

பெரிய மாஸ்டர் பிரம்போடு என்னை நோக்கி இரண்டு அடி வந்தார். டீச்சர் அவருக்கும் எனக்கும் நடுவில் வந்து நின்றார். பெரிதாக ஒன்றும் செய்யவில்லை, கரும்பலகையில் எதையோ எழுதப் போகிறவர்போல ஓரடி நகர்ந்து நின்றார். குடையில்லாமல் அவர் இவ்வளவு சின்ன ஆள் என்பதை அப்போதுதான் கவனித்தேன்.

சுவரோரத்திலிருந்து இன்ஸ்பெக்டரின் குரல் வந்தது. "மாஸ்டர், ஒரு நிமிஷம். தம்பி, இப்ப எத்தனை நிக்குது?"

"பன்னிரண்டு ஐயா. எழுபத்திரண்டு கக்கத்துக்குள்ள போயிட்டுது."

பின்வரிசையில் யாரோ சிரிப்பை இருமலாக்கினார்கள். நான் நிஸாமைப் பார்த்தேன். அவன் பெரிய மாஸ்டரைப் பார்த்தான். பிறகு, தண்ணீரிலிருந்து எடுப்பதுபோல மெதுமெதுவாகத் தன் கையை வெளியே எடுத்து உயர்த்தினான். வாங்கிலிருந்து ஒரு பிள்ளை தானாகவே, "இருபத்திநாலு" என்றாள். எனக்கு இந்தப் பக்கம் நின்றவன் கையை எடுத்தான். முப்பத்தாறு. இப்போது நாலைந்து குரல். நாற்பத்தெட்டு. அறுபது. என் சுவர் நின்ற இடம் வந்தது. எழுபத்திரண்டு. எண்பத்திநாலு என்றபோது வகுப்பு முழுவதும் சொன்னது.

பாடம் அங்கே முடிந்திருக்க வேண்டும். டீச்சர் எழுதிவைத்த குறிப்பில் ஏழுக்குமேல் இல்லை என்று நினைக்கிறேன். ஆனால் முன்வாங்கில் ஒரு பெட்டை எழும்பிக் கையை உயர்த்தினாள். தொண்ணூற்றாறு. அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி. நூற்றியெட்டு. ஒவ்வொரு கையும் கக்கத்தைவிட்டு வெளியே வரும்போது ஒரு பன்னிரண்டு கூடியது. வாய்ப்பாடு இவ்வளவு காலமும் மேலிருந்து எங்கள் தலையில் விழுந்த ஒன்று. அன்று அது எங்களிலிருந்து எழும்பிப் போய்க்கொண்டிருந்தது. நூற்றி நாற்பத்திநாலு என்று பன்னிரண்டாம் கைக்குக் கத்தினோம். அதோடு புத்தகத்தில் வாய்ப்பாடு முடிந்துவிடும்.

பதின்மூன்றாவதாக ஒருவன் எழும்பினான். அந்த எண்ணை ஒருவரும் எங்களுக்கு அடித்துச் சொல்லித் தந்திருக்கவில்லை. அவன் உயர்த்திய கையை எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தோம். "பத்தக் கூட்டு. பிறகு ரெண்டக் கூட்டு," என்று நிஸாம் முணுமுணுத்தான். "நூற்றி ஐம்பத்தி... ஆறு," என்றேன் நான். பிழைக்கும் என்று பயந்துதான் சொன்னேன். டீச்சர் தலையாட்டினார். அதன் பிறகு எங்களை நிறுத்த முடியவில்லை. முப்பதாவது கை உயர்ந்தபோது முந்நூற்றி அறுபது. கரும்பலகைக்கு வெளியே, புத்தகத்துக்கு வெளியே, பெரிய மாஸ்டரின் பிரம்பு எட்டாத ஓர் எண்ணில் போய் நின்றோம்.

பெரிய மாஸ்டர் பிரம்பை மேசையில் வைத்துவிட்டு வெளியே போனார்.

எங்களையும் வெளியே அனுப்பினார்கள். நானும் நிஸாமும் யன்னலுக்குக் கீழே குந்தியிருந்து, இடைக்கிடை எட்டிப் பார்த்தபடி கேட்டோம். உள்ளே ஆசிரியர்கள் ஒருவர்பின் ஒருவராக எழும்பிப் பிழைகளை வாசித்தார்கள். சத்தம் கூடிப்போயிற்று. கரும்பலகையில் ஒன்றும் எழுதப்படவில்லை. தலைமையாசிரியருக்கு முன்னால் பிள்ளைகள் ஒழுங்கு மீறினார்கள். குறித்த நேரத்தைத் தாண்டிவிட்டது. எல்லாம் உண்மைதான். டீச்சர் ஒவ்வொன்றுக்கும் "ஓம்" என்றார். கடைசியில் ஹெந்தளையிலிருந்து வந்த ஒரு வயதானவர் எழும்பினார். முன்னர் கைகட்டி முதுகை நிமிர்த்தியவர் அவர்தான்.

"நான் ஒண்டும் எழுதேல்ல. அந்தச் சுண்டுவிரலை மட்டும் இன்னொருக்காக் காட்டுங்கோ பிள்ளை. திங்கட்கிழமை எனக்கு வேணும்."

யன்னலுக்குக் கீழே இருந்து நிஸாம் என் முதுகில் ஒன்று போட்டான். "நாங்க வெண்டுட்டம் மச்சான்."

நானும் அப்படித்தான் நம்பினேன். அப்பா அன்று வேலையால் வந்து விஷயத்தைக் கேள்விப்பட்டு, பெரிய ஆட்களோடு எதிர்த்துக் கதைத்ததற்கு ஓர் அறை தந்தார். பிறகு முந்நூற்றி அறுபது என்றால் எத்தனை கட்டு என்று அம்மாவைக் கேட்டார். "முப்பது," என்று அம்மா ஊசியை நிறுத்தாமலே சொன்னார்.

திங்கட்கிழமை பெரிய மாஸ்டர் என்னை விறாந்தையில் மறித்தார். அடிக்கவில்லை. "நாலாம் வகுப்பு உனக்குப் பழகின இடந்தானே. வாற வருஷமும் இரன்," என்று சிரித்தபடி சொல்லிவிட்டுப் போனார். டீச்சர் பக்கத்து வகுப்பின் வாசலில் நின்று அதைக் கேட்டார். அவருடைய காரியமும் அதற்குள் முடிந்திருந்தது. இன்ஸ்பெக்டரால் ஒரு பாடத்தைப் பாராட்டி எழுத முடியும், ஒருவருக்கு வேலை கொடுக்க முடியாது. சுவாமியார் பெரிய மாஸ்டரின் வார்த்தையைத்தான் கேட்டார். ஆறு மாதம் முடிகிற வெள்ளிக்கிழமையோடு நிற்கவேண்டும் என்று டீச்சருக்குச் சொல்லியாயிற்று. இவையெல்லாம் எனக்குப் பல வருடம் கழித்துத்தான் தெரியவந்தன.

எனக்கு அன்று தெரிந்தது இவ்வளவுதான். வருட முடிவுச் சோதனைக்கு இன்னும் முழுதாக ஒரு மாதம் இருந்தது. அந்த மாதத்தில் பதின்மூன்று, பதினாலு, பதினைந்து என்று நாங்களே வாய்ப்பாடு கட்டுவதாக டீச்சரோடு பேச்சு. சோதனையில் நூற்றுக்கு நூறு எடுத்துப் பெரிய மாஸ்டரின் முகத்துக்கு முன்னால் சிலேட்டைப் பிடிப்பது என்று நான் முடிவு செய்திருந்தேன். அப்படியிருக்க ஒரு புதன்கிழமை டீச்சர் வந்து, "நாளைக்குச் சோதனை" என்றார்.

"இன்னும் ஒரு மாசம் இருக்கே டீச்சர்."

"எனக்கு அவசரம்."

"நாங்கள் இன்னும் படிச்சு முடிக்கேல்ல."

"படிச்ச மட்டும் காணும். எழுது."

ஒரு சொல் விளக்கம் இல்லை. இவரும் மற்றவர்களைப் போலத்தான் என்று எனக்கு உள்ளுக்குள் எரிந்தது. வேண்டுமென்றே வீம்புக்கு வேகமாக எழுதினேன். அறுபத்தொரு புள்ளி கிடைத்தது. ஐந்தாம் வகுப்புக்குப் போதும், முகத்துக்கு முன்னால் பிடிக்கப் போதாது. மறுநாள் வெள்ளிக்கிழமை, இன்ஸ்பெக்டர் ஐயா திடீரென்று பள்ளிக்கூடத்துக்கு வந்தார். டீச்சர் புள்ளி இடாப்பை அவருக்கு முன்னால் விரித்து, என் பெயருக்கு நேரே விரலை வைத்துக்கொண்டு நின்றார். அவர் ஒப்பம் வைத்தார். வகுப்பாசிரியர் மையால் எழுதி, இன்ஸ்பெக்டர் ஒப்பம் வைத்த புள்ளியைத் தலைமையாசிரியராலும் மாற்ற முடியாது. அந்தச் சட்டத்தைப் போன வருடந்தான் பயிற்சிக் கல்லூரியில் படித்தேன். படித்த அன்று, அந்தப் புதனுக்கும் வெள்ளிக்கும் இடையில் டீச்சருக்கு என்ன அவசரம் என்று விரல்விட்டு எண்ணிப் பார்த்தேன்.

அந்த வெள்ளிக்கிழமை பின்னேரம் டீச்சர் முன்வாசலில் குடையோடு நின்று, போகிற பிள்ளைகள் ஒவ்வொருவரோடும் கதைத்துக்கொண்டிருந்தார். என்னைத் தேடுவது தெரிந்தது. அறுபத்தொன்றின் கோபம் எனக்கு ஆறவில்லை. நிஸாமை இழுத்துக்கொண்டு பின்வாசலால் வெளியேறினேன்.

"டீச்சர் கூப்பிடுறாவு மச்சான்," என்றான் அவன்.

"கூப்பிடட்டும். திங்கட்கிழமையும் நான் அவவோட கதைக்கமாட்டன். நீ வேணுமெண்டா பார்," என்று சத்தியம் செய்தேன்.